குதிகாலில் ஒரு ஜன்னல்

நவம்பர் 25, திங்கள்

துறையில் புதிதாக ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சி வழியில் முதுநிலை படிக்கும் எல்லோரும் கட்டாயம் எடுக்க வேண்டும். பெயர், தொழில்முறைத் திறன்கள். நடத்துபவர் மதிவாணன், கம்பெனிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். எங்களுக்குக் கணக்கு தெரியுமாம், மனிதர்களைத் தெரியாதாம். அதனால் அன்றாடம் என்ன செய்தோம், அதில் என்ன திறன் வளர்ந்தது என்று நாட்குறிப்பு எழுதி, பருவ முடிவில் அவரிடம் காட்ட வேண்டும். எந்த மொழியில் என்று கேட்டேன். "உங்க மனசு எந்த மொழியில ஓடுதோ அதுல எழுதுங்க" என்றார். அவர் படிக்கப் போகிறார் என்று தெரிந்த பிறகு மனம் எந்த மொழியிலும் சரியாக ஓடவில்லை.

பெயர் மீனலோசனி. எந்திரவியல், இரண்டாம் ஆண்டு. ஊர் அருப்புக்கோட்டை. ஆய்வு, செயற்கைப் பாதங்களின் சோர்வு. முழங்காலுக்குக் கீழே கால் இழந்தவர்கள் மாட்டிக்கொள்ளும் பாதம் எத்தனை மிதி தாங்கும் என்று பார்ப்பது. பார்க்கும் முறை எளிது. உடையும் வரை மிதிக்க வைக்க வேண்டும். மெஷினில் இரண்டு தண்டுகள் இருக்கின்றன. ஒன்று குதிகாலை அழுத்தும், இன்னொன்று விரல் பக்கத்தை. மாறி மாறி. இருபது லட்சம் மிதி தாண்டினால் பாதம் தேறியது என்று அர்த்தம்.

எங்கள் ஆய்வகத்தின் பழைய பாதம் தேறிவிட்டது. ஆனால் கனம். முனைவர் பட்டத்துக்கு ஆறாவது வருடமாக ஆய்வு செய்யும் ஜமால் மைதீன் அண்ணன், குதிகாலின் நடுவே ஜன்னல் மாதிரி ஒரு திறப்பு வெட்டி எடையைக் குறைத்தார். புதிய வடிவத்தில் மூன்று செய்தோம். இரண்டு மெஷினுக்கு. ஒன்று ஒரு மனிதருக்கு; பழைய வடிவம் தேறியிருந்ததால் மெஷின் சோதனைக்கு முன்பே கொடுக்க நெறிமுறைக் குழு அனுமதித்தது.

இன்று முதல் பாதத்தை மெஷினில் ஏற்றினேன். வளர்ந்த திறன்: போல்ட் முடுக்குதல்.

நவம்பர் 27, புதன்

அந்த மனிதர் நடைப் பதிவுக்காக இன்று வந்தார். தில்லைநாயகம், திருவள்ளூர் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். நாற்பதைத் தாண்டியவர். பைக் விபத்தில் இடது கால் போய் மூன்று வருடம். அதன்பிறகு பள்ளியில் அவரை நூலக அறையில் உட்கார வைத்து, வருகைப் பதிவேட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். தீபாவளிக்கு முன்பு எங்கள் பாதத்தை மாட்டிக்கொண்டு போனவர் நேராக மைதானத்துக்குப் போனாராம்.

அறையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடக்கச் சொன்னேன். நடந்தார். மறுபடி நடக்கச் சொன்னேன்.

"ஏம்மா, எத்தினி வாட்டி நடக்கணும்? எங்க பசங்கள நான்கூட இவ்ளோ வேலை வாங்கறதில்ல."

"கடைசித் தடவை சார்."

"பரவால்ல. நடக்கச் சொன்னா எனக்கென்ன, நடக்கறேன்."

கடைசி என்று நான் சொன்ன பிறகும் அவராகவே இரண்டு தடவை நடந்தார். அந்தப் பதிவுகள் தேவையில்லை. அழிக்கவில்லை.

நவம்பர் 30, சனி

புயல். நகரமே விடுமுறை. மெஷினுக்கு இல்லை. விடுதியிலிருந்து ஆய்வகம் வரை முழங்காலளவு தண்ணீர். அம்மா போனில், இந்த மழையில் அப்படி என்ன படிப்பு என்று கேட்டாள்.

"சோர்வைப் பத்திம்மா."

"சோர்வா இருந்தா படுத்து எந்திரிக்க வேண்டியதுதான? அதுக்கு எதுக்குடி ரெண்டு வருசம்?"

பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போது சிக்னல் போய்விட்டது.

டிசம்பர் 9, திங்கள்

முதல் பாதம் உடைந்தது.

சத்தமெல்லாம் பெரிதாக இல்லை. மெஷின் தானாக நின்றது. போய்ப் பார்த்தால் ஜன்னலின் பின் மூலையிலிருந்து குதிகால் விளிம்பு வரை பிளந்திருந்தது. எண்காட்டி இருபது லட்சத்தில் பாதியைக்கூடத் தொடவில்லை.

ஜமால் அண்ணனைக் கூப்பிட்டேன். வாசலிலிருந்தே கேட்டார். "என்ன லோசனி, ஒடஞ்சிட்டா?"

"ஆமாண்ணா."

பாதத்தைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "வார்ப்புல காத்துக் குமிழ் ஏதும் இருந்துருக்கும்" என்றார். லென்ஸ் வைத்துப் பார்த்தோம். குமிழ் இல்லை. பிறகு தொழுகைக்குப் போனார். வழக்கமாக அரை மணி நேரத்தில் வந்துவிடுவார். இன்று சாயங்காலம்தான் வந்தார்.

அவருடைய ஆய்வேட்டில் இந்த ஜன்னல்தான் நான்காம் அத்தியாயம். ஏப்ரலில் சமர்ப்பிப்பதாக இருந்தார்.

டிசம்பர் 10, செவ்வாய்

வழிகாட்டி நிர்மலா மேடத்திடம் உடைந்த பாதத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். மேடம் அதைத் தொடவில்லை. என் வரைபடங்களைத்தான் பார்த்தார்.

"ஒண்ணு உடைஞ்சா அது சம்பவம், மீனலோசனி. ரெண்டாவதும் உடைஞ்சாத்தான் அது தரவு. முதல்ல மெஷின் சரியா அழுத்துதான்னு பாக்கணும். அளவு சரிபாக்கற கம்பெனிக்கு எழுது. அவங்க வந்து பாத்துச் சொன்ன பிறகு ரெண்டாவதை ஏத்து."

"தில்லைநாயகம் சார்கிட்ட சொல்லிடலாமா மேடம்?"

"என்னன்னு சொல்லுவ?"

யோசித்துப் பார்த்தேன். என்னவென்று சொல்வது என்பது உண்மையிலேயே நல்ல கேள்வி.

"அவர்கிட்டேருந்து திரும்ப வாங்கினா நெறிமுறைக் குழுவுக்கு எழுதணும். எழுதினா மொத்த ஆய்வும் நிக்கும். நிறுத்தறதா இருந்தா உறுதியாத் தெரிஞ்சு நிறுத்தணும். நான் யோசிக்காம இல்ல."

மேடம் சொன்னது முறைப்படி முழுக்கச் சரி. கற்றுக்கொண்டது: ஒரு மாதிரியை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. முதலாம் ஆண்டிலேயே கற்றதுதான்.

டிசம்பர் 12, வியாழன்

அளவு சரிபார்க்கும் கம்பெனி, ஜனவரி முதல் வாரத்தில்தான் ஆள் வரும் என்று பதில் போட்டது.

தில்லைநாயகம் சாருக்கு போன் செய்தேன். பயன்பாட்டுக் கருத்தறிய.

"குதிகால்ல ஏதாவது சத்தம் வருதா சார்?"

"வருதே."

"என்ன சத்தம் சார்?"

"நடக்கற சத்தம். மூணு வருஷம் கழிச்சு என் காதால கேக்கறேன். எதுக்கும்மா கேக்கற?"

"வழக்கமா கேக்கறதுதான் சார்."

இதற்கு முன்பு கேட்டதில்லை.

டிசம்பர் 14, சனி

திருவள்ளூர் போய் வந்தேன். மின்சார ரயில். மேடத்திடம் சொல்லவில்லை, சனிக்கிழமைக்குச் சொல்லத் தேவையில்லை. கேமரா எடுத்துப் போனேன்.

பள்ளி மைதானத்தில் அணிவகுப்புப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. தில்லைநாயகம் சார் விசிலை வாயில் வைத்துக்கொண்டு வரிசைக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார். ஒரு வரிசை கோணலானதும் அதன் கடைசிக்கு ஓடினார். ஓடினார் என்றுதான் எழுத வேண்டும். மழைக்குப் பிறகு இறுகிப்போன தரை. குதிகால் நேராகத் தரையில் இறங்கியது. நாங்கள் மெஷினில் கொடுக்கும் அழுத்தம் நடைக்கானது. ஓடினால் அதைப்போல் இரண்டு மடங்கு வரும். பாதம் கொடுத்தபோதே நடக்க மட்டும்தான் என்று சொல்லித்தான் கொடுத்தோம்.

என்னைப் பார்த்ததும் கையாட்டிக்கொண்டு வந்தார். ஓடி.

"பாத்தியா? ஜனவரி இருபத்தி நாலு ஸ்போர்ட்ஸ் டே. மார்ச் பாஸ்ட்ல நான்தான் முன்னாடி. மூணு வருஷம் மேடைக்குப் பின்னாடி உக்காந்து கப்புக்குப் பேர் ஒட்டிக்கிட்டு இருந்தேன். ஹெச்.எம். கேட்டாரு, முடியுமா தில்லைன்னு. நான் பதிலே சொல்லல. மைதானத்தை ஒரு சுத்து ஓடிக் காட்டினேன்."

மாணவிகளிடம் என்னைக் காட்டி, "கால் செஞ்ச இன்ஜினியர்" என்றார். அவர்கள் கைதட்டினார்கள். செய்தது ஜமால் அண்ணன், உடைப்பதுதான் என் வேலை என்று திருத்த நினைத்தேன். மைதானத்தில் இரைச்சல் அதிகம். எதையும் சொல்வதற்கேற்ற சூழல் அமையவில்லை.

அவர் வீட்டில் சாப்பிடச் சொன்னார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றேன். நிலையத்தில் இரண்டு ரயில்களை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன்.

டிசம்பர் 16, திங்கள்

சனிக்கிழமை திருவள்ளூர் போய் வந்ததை மேடத்திடம் சொன்னேன். பதிவைக் கேட்டார். போட்டுக் காட்டினேன். ஓடும் இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"இவர் ஓடறாரா?"

"ஆமா மேடம்."

"நடக்கத்தானே சொல்லியிருந்தோம்."

"ஆமா மேடம்."

மறுபடி போடச் சொன்னார். மறுபடி. பிறகு அளவு சரிபார்க்கும் கம்பெனிக்கு அவரே போன் செய்தார். நான் இரண்டு வருடத்தில் கேட்டிராத குரலில் பேசினார். அவர்கள் ஜனவரி இரண்டாம் தேதி வருகிறார்கள்.

சாரிடம் ஓட வேண்டாம் என்று சொல்லும்படி எனக்கு உத்தரவு. சொன்னேன்.

"ஓடலன்னா நான் எதுக்கு பி.டி. மாஸ்டரு? நூலகத்துக்கே போயிடறேனே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

டிசம்பர் 20, வெள்ளி

மதிவாணன் வகுப்பு. கடினமான செய்தியை எப்படிச் சொல்வது என்பது தலைப்பு. முதலில் ஒரு நல்ல வார்த்தை, நடுவில் செய்தி, முடிவில் ஒரு நல்ல வார்த்தை. இருவர் இருவராக நின்று பழகச் சொன்னார். எனக்கு ஜோடியாக வந்த கெமிக்கல் பையன், பிராஜெக்ட் தாமதமாகிவிட்டது என்று என்னிடம் சொல்ல வேண்டும். முதல் நல்ல வார்த்தையாக என் கையெழுத்து அழகு என்றான். அவன் அதைப் பார்த்ததில்லை.

வகுப்பில் நான் பேசும் முறை தெளிவாக இருப்பதாக மதிவாணன் பாராட்டினார்.

ஜனவரி 2, வியாழன்

சரிபார்க்க ஆள் வந்தார். மெஷின் சரியாகத்தான் அழுத்துகிறது. அது தப்பாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு நாள் எதிர்பார்த்திருக்கிறேன் என்பது அவர் சான்றிதழைக் கையில் கொடுத்தபோதுதான் தெரிந்தது.

இரண்டாவது பாதத்தை ஏற்றினோம். ஜமால் அண்ணன் தானே போல்ட்டுகளை முடுக்கினார். அதன் குதிகாலை ஒருமுறை உள்ளங்கையால் தட்டினார், மாட்டைத் தட்டுவது போல.

ஜனவரி 9, வியாழன்

ஓடுகிறது.

ஜனவரி 11, சனி

ஓடுகிறது. பொங்கலுக்கு ஊருக்கு வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஏதோ சொன்னாள். மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். நான் அப்போது விடுதியில் இருந்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வளாகத்தில் நாய்களும் நானும். பிற்பகலில் மேடம் ஆய்வகத்துக்கு வந்தார். பட்டுப் புடவை. குடையை விட்டுவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார். மழை பெய்து பல வாரம் ஆகிறது.

மெஷின் முன்னால் கைகட்டி நின்றார். குதிகால், விரல், குதிகால், விரல். நெடுநேரம் நின்றார்.

"நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் மேடம்."

"அவருக்கு போன் பண்ணினியா?"

"நேத்து பண்ணேன் மேடம். சத்தம் எதுவும் இல்லைன்னார். இனிமே வாரத்துக்கு ஒரு தடவை கேட்டாப் போதும், தினமும் கேக்க வேணாம்னார்."

மேடம் தலையசைத்துவிட்டுப் போனார். குடை எடுத்துப் போகவில்லை. ஆய்வகத்தில் குடை எதுவும் இல்லை.

ஜனவரி 20, திங்கள்

இரண்டாவதும் உடைந்தது. அதே மூலை. முதலாவதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகத் தாங்கியது, பாதியைத் தொடவில்லை.

ஜமால் அண்ணன் இரண்டு பாதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். விரிசல்கள் ஒரே கையால் கோடு போட்டது போல இருந்தன. "மூலையைக் கூரா விட்டுட்டேன், லோசனி" என்றார். "வளைச்சு விட்டுருக்கணும். அரைப் பென்சில் கனம் வளைச்சிருந்தாப் போதும்." பிறகு, "வாப்பா போன்ல கேட்டப்ப ஏப்ரல்னு சொல்லிட்டேன்" என்றார். அது என்னிடம் சொன்னது போல இல்லை.

மேடத்திடம் போனோம். மேசையில் வைப்பதற்குள்ளேயே சொன்னார். "நாளைக்கே ரெண்டு பேரும் போய் வாங்கிட்டு வாங்க. குழுவுக்கு நான் இப்பவே எழுதறேன்."

"வெள்ளிக்கிழமை அவருக்கு ஸ்போர்ட்ஸ் டே மேடம்."

"தெரியும்" என்றார். "நான் வரட்டுமா?"

நான் வேண்டாம் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

ஜனவரி 21, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தில்லைநாயகம் சார் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேராக வந்திருப்பதைப் பார்த்ததும் டப்பாவைக் கீழே வைத்துவிட்டார். உடற்கல்வி அறைக்குப் போனோம். பந்துகள், வலை, பழைய கோப்பைகள். ஜமால் அண்ணன் பேசுவதாகத்தான் ரயிலில் முடிவு செய்திருந்தோம். அவர் வாயைத் திறந்தார், மூடினார். நான் சொன்னேன். முதலில் நல்ல வார்த்தை எதுவும் சொல்லவில்லை.

"சார், இந்தப் பாதத்துல குதிகால் உடையுது. மெஷின்ல வச்ச ரெண்டும் உடைஞ்சிடுச்சு. உங்களதைத் திரும்ப வாங்கிட்டுப் போக வந்திருக்கோம்."

அவர் தன் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்ப உடைஞ்சுது?"

"ரெண்டாவது நேத்து சார். மொதலாவது டிசம்பர்ல."

"டிசம்பர்ல. நீ இங்க வந்தியே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி சார்."

வெளியே மாணவர்கள் 'லெப்ட் ரைட்' சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் இல்லாமலே சரியாகச் சொன்னார்கள்.

"அதான் தினமும் போனா? நான் வேற, பொண்ணு அக்கறையா கேக்குதுன்னு வீட்ல சொல்லிக்கிட்டிருந்தேன்." பிறகு, "சரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாங்க. நானே கழட்டித் தரேன்" என்றார்.

ஜமால் அண்ணன் என்னைப் பார்த்தார். மூன்று நாள்தானே என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. என் முகத்திலும் இருந்திருக்கலாம்.

"முடியாது சார்" என்றேன்.

"உன் மெஷின்ல உடைஞ்சது என் கால் இல்லியேம்மா."

"ஒரே அச்சு சார். ஒரே நாள்ல வார்த்தது."

"ஒரே வாத்தியார்கிட்ட ஒரே கிளாஸ்ல அறுபது பேர் படிக்கறான். ரெண்டு பேர் பெயிலானா அறுபது பேரும் பெயிலா?"

"இல்ல சார். மூணாவது பெயிலாகுமான்னு எனக்குத் தெரியாது. உங்கள வச்சு அதைத் தெரிஞ்சுக்க எனக்கு இஷ்டமில்ல."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். நல்ல நடை. பிசிறே இல்லை. இவ்வளவு நல்ல நடையை எங்கள் பதிவுகளில் பார்த்ததில்லை. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பேன்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டினார்.

"பழசு அந்த அலமாரில இருக்கு. எடு."

ஜமால் அண்ணன் தரையில் உட்கார்ந்து, சாவி போட்டுப் பாதத்தைக் கழற்றி, பழைய ரப்பர் பாதத்தை மாட்டினார். அவருக்கு வழக்கமாகச் சில நிமிட வேலை. இன்று போல்ட் இரண்டு முறை கீழே உருண்டது. கதவருகே ஒரு மாணவி வந்து, "சார், கொடி யார் புடிக்கறது?" என்று கேட்டுவிட்டு, அறையைப் பார்த்ததும் போய்விட்டாள்.

எழுந்து நின்றார். ஓரடி வைத்தார். பழைய பாதம் தரையில் தப்பென்று விழுந்தது.

"வெள்ளிக்கிழமை வந்துடாதீங்க" என்றார்.

ரயிலில் பாதம் என் மடியில், துணிப்பையில் இருந்தது. எதிரே இருந்த அம்மாள், பையில் என்ன என்று கேட்டார். செருப்பு என்றேன்.

ஜனவரி 24, வெள்ளி

போகவில்லை. ஆய்வகத்தைப் பெருக்கினேன். துடைத்தேன். திருகுகளை அளவு வாரியாகப் பிரித்து டப்பாக்களில் போட்டேன். வளர்ந்த திறன்: பணியிட ஒழுங்கு.

ஜனவரி 27, திங்கள்

மூன்றாவது பாதத்தில் விரிசல் சோதனை. பாதத்தைச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் பூசி, ஊறவிட்டு, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தெளிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் அதற்குள் போன சாயம் வெள்ளையில் சிவப்புக் கோடாக ஊறி வரும்.

கோடு வரவில்லை.

திரும்பச் செய்தேன். வரவில்லை. ஜமால் அண்ணன் தன் கையால் செய்தார். வரவில்லை. நுண்ணோக்கியில் நான்கு மூலைகளையும் பார்த்தோம். அந்தப் பாதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடியும்கூட ஒன்றும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமையைத் தாராளமாகத் தாண்டியிருக்கும்.

"இதை அவருட்ட சொல்லணுமா, லோசனி?" என்றார் ஜமால் அண்ணன். "நாம எடுத்தது சரிதானே. இன்னும் ரெண்டு மாசமோ மூணு மாசமோ, எப்படியும் ஒடையத்தானே செய்யும்."

சரிதான். மேடத்திடமும் கேட்டேன். அறிக்கையில் எழுதியாக வேண்டும், அவரிடம் சொல்வது உன் விருப்பம் என்றார். மேடம் பொதுவாக எதையும் என் விருப்பத்துக்கு விடுவதில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

உணவு இடைவேளையில் போன் செய்தேன். எடுத்தார்.

"சார், உங்க பாதத்தைச் சோதிச்சுப் பாத்தோம். விரிசல் இல்ல."

"இல்லன்னா?"

"ஒண்ணும் ஆகல சார். நல்லாருக்கு."

"அப்ப வெள்ளிக்கிழமை நடந்திருக்கலாம்."

"நடந்திருக்கலாம் சார்."

பள்ளி மணி அடித்தது. பிள்ளைகள் ஓடும் சத்தம். அவர் போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"கலெக்டர் வந்திருந்தாங்க" என்றார். "மைக்ல பேர் வாசிச்சேன். யார் யார் எந்த ஹவுஸ்னு. நல்லா வாசிச்சேன்னாங்க." பிறகு, "இத நீ சொல்லாமயே இருந்திருக்கலாமே. எனக்கு எப்படித் தெரியப் போவுது?"

"டிசம்பர்ல சொல்லாம இருந்தேன் சார்."

இப்போது வைத்துவிட்டார்.

அதன்பிறகு விடுதிக்குப் போய்த் துணி துவைத்தேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்திருக்கிறேன் என்று காயப்போடும்போது தெரிந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

சாருக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

தொழில்முறைத் திறன்கள் பாடம் முடிந்தது. நாட்குறிப்பைப் போன வாரமே கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். நவம்பர் பக்கங்களை மட்டும் படியெடுத்துக் கொடுத்தேன். மதிவாணன் 'பி' கிரேடு போட்டு, ஓரத்தில் "நேர்த்தி. ஆனால் சவால்கள் எதையும் சந்தித்ததாகத் தெரியவில்லை" என்று எழுதியிருந்தார்.

இனிமேல் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை.

பிப்ரவரி 8, சனி

புதிய பாதம் தயாராகிவிட்டது. ஜன்னல் இருக்கிறது. மூலைகள் வளைந்திருக்கின்றன. குதிகால் விளிம்பு சற்றுத் தடிப்பு. எடை கொஞ்சம் கூடிவிட்டது. ஜமால் அண்ணன் நான்காம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு, அது ஏன் உடைந்தது என்று புதிதாக எழுதுகிறார். ஏப்ரல் இல்லை. அடுத்த ஏப்ரலாக இருக்கலாம். வாப்பாவிடம் சொல்லிவிட்டாராம். "என்ன சொன்னாங்கண்ணா?" என்றேன். "ஆறு வருசமா ஒடையாதத செஞ்சேன்னு சொன்ன, இப்ப ஒடஞ்சத எழுதுறேங்கியேல, எதுக்குல பட்டம் குடுப்பாங்கன்னு கேட்டாரு" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். டிசம்பருக்குப் பிறகு ஆய்வகத்தில் யாரும் சிரித்ததாக நினைவில்லை.

மெஷினில் ஏற்றினோம்.

பிப்ரவரி 27, வியாழன்

காலையில் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அறிக்கை தட்டிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. தில்லைநாயகம் சார். கையில் ஊன்றுகோல் இருந்தது. பழைய பாதத்தில் படியேறி வந்ததால் மூச்சு வாங்கியது. எழுந்து நின்றேன். வணக்கம் சொன்னேனா என்று நினைவில்லை.

"எங்க அது?" என்றார்.

"எது சார்?"

"என் காலை வாங்கிக்கச் சொன்ன மெஷினு."

காட்டினேன். என் நாற்காலியை இழுத்துப் போட்டு மெஷினுக்கு நேராக உட்கார்ந்தார். கண்ணாடித் தடுப்புக்குள் புதிய பாதம் தனியாக நடந்துகொண்டிருந்தது. குதிகால், விரல், குதிகால், விரல். ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு பார்த்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"ஆளே இல்லாம நடக்குது" என்றார்.

"ஆமா சார்."

"இது புதுசா?"

"புதுசு சார். முன்னாடி உடைஞ்ச ரெண்டும் எங்க உடைஞ்சதோ, அந்தக் கணக்கை இது நேத்து தாண்டிடுச்சு."

சட்டென்று திரும்பினார். "அப்ப குடு."

"இன்னும் பாதிக்கு மேல இருக்கு சார். இது முடிஞ்சதும் இன்னும் ரெண்டு வைக்கணும். மூணும் தேறினாத்தான். அப்புறம் குழு பாக்கணும்."

"எவ்ளோ நாளாகும்?"

"ஜூன் சார். ஸ்கூல் திறக்கறப்ப."

"அதுக்குள்ள இதுவும் உடைஞ்சா?"

"உடைஞ்சா அன்னிக்கே உங்களுக்குச் சொல்லிடுவேன்."

என் முகத்தை உற்றுப் பார்த்தார். மாணவன் ஓட்டத்தில் முழுச் சுற்றும் ஓடினானா, குறுக்கே புகுந்தானா என்று பார்க்கும் பார்வை என்று நினைக்கிறேன்.

"அன்னிக்கேன்னா அன்னிக்கே" என்றார்.

"அன்னிக்கே சார்."

ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தார். பழைய பாதத்தை நீட்டிக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்கு லீவு போட்டுட்டுத்தான் வந்தேன். நீ போய் சாப்பிட்டு வா. மூஞ்சி என்னமோ மாதிரி இருக்கு. நான் பாத்துக்கறேன்."

எது நின்றால் என்னைக் கூப்பிட வேண்டும், எந்தச் சிவப்புப் பொத்தானைத் தொடக் கூடாது என்று சொன்னேன். சரி சரி என்றார். கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தேன். மெஷினின் தாளத்துக்கு அவருடைய வலது பாதம் தரையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

உணவகத்தில் தக்காளி சாதம். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.